பிடித்த தொடரின் எபிசோட் ஏமாற்றிவிட்டால்: எந்த இடத்தில், ஏன் என்று கண்டுபிடித்து விமர்சனம் எழுதும் முறை

நான்கு சீசன் விடாமல் பார்த்த தொடர் கடைசி எபிசோடில் கைவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். அது நியாயமான கோபம். ஆனால் அதை 'மொக்கை', 'வேஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லில் கொட்டிவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. எது பிடிக்காமல் போனது என்பது எழுதியவருக்கே தெளிவாகாது. பெரும்பாலான ஏமாற்றங்களுக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. ஒரு காட்சியில், ஒரு வசனத்தில், ஒரு முடிவில் அது தொடங்கியிருக்கும். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும்.

இதை விளக்க இங்கே எடுத்துக்கொள்ளும் முக்கிய உதாரணம், 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்வரிசையில் வந்த 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' தொடரின் நிறைவு எபிசோடான 'தீஸ் ஆர் தி வாயேஜஸ்'. 2005 மே 13 அன்று அமெரிக்காவின் யூபிஎன் சேனலில் ஒளிபரப்பானது. ரசிகர்களை இந்த அளவுக்குப் புண்படுத்திய நிறைவு எபிசோடுகள் அறிவியல் புனைவுத் தொடர்களில் குறைவு. இதோடு வேறு சில எபிசோடுகளும் வரும். எல்லாவற்றின் முடிவும் இங்கே சொல்லப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதல் இரவும் இரண்டாம் பார்வையும்

பார்த்து முடித்த இரவில் ஐந்து வரி மட்டும் எழுதி வையுங்கள். எதை எதிர்பார்த்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கை போனுக்குப் போனது, எந்தக் காட்சியில் 'ச்சே' என்று வாய்விட்டுச் சொன்னீர்கள், முடிந்ததும் மனதில் நின்ற காட்சி எது, பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள். அவ்வளவு போதும். அடுத்தவர் எழுதியதை இப்போதைக்குப் படிக்க வேண்டாம். படித்தால் அவருடைய கோபம் உங்கள் கோபமாக மாறிவிடும், உங்களுடையது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். அதற்கு முந்தைய எபிசோடையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பல ஏமாற்றங்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டும் பட்டனை அழுத்தாதீர்கள். எதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி எபிசோட் கேட்டது என்பது அந்தச் சுருக்கத்தில் இருக்கும். தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள் இரண்டாம் முறை மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். வசனம் தட்டையாக ஒலித்தது எழுத்தாலா, டப்பிங்காலா என்பது அப்போதுதான் தெரியும்.

நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: நேரம், திரையில் நடப்பது, உங்களுக்கு எழுந்த கேள்வி. பத்து நொடிக்கு ஒருமுறை நிறுத்தி எழுதினால் எபிசோடின் ஓட்டமே கையில் சிக்காது. விளம்பர இடைவேளைக்காகத் திரை இருண்டு மீளும் இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். அமெரிக்க சேனல்களுக்காக எடுத்த தொடர்களில் அந்த இடங்கள் சுலபமாகத் தெரியும். 1966இல் தொடங்கிய பழைய 'ஸ்டார் ட்ரெக்', டைட்டிலுக்கு முன் வரும் ஒரு முன்காட்சியும் நான்கு பகுதிகளுமாக ஏறக்குறைய 50 நிமிடம். 1987இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முன்காட்சியும் ஐந்து பகுதிகளுமாக 45 நிமிடம். 'என்டர்பிரைஸ்' ஏறக்குறைய 42 நிமிடம்.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் இரண்டே கேள்வி. இந்தப் பகுதியில் யாருக்கு என்ன வேண்டும்? பகுதி முடியும்போது அந்த நிலைமை மாறியதா? அடுத்தடுத்த இரண்டு பகுதிகளில் எதுவுமே மாறவில்லை என்றால், இழுவையாகத் தெரிந்ததன் காரணம் அங்கே இருக்கிறது. கதை மாறிக்கொண்டே இருந்தும் மனம் ஒட்டவில்லை என்றால் சிக்கல் வேறிடத்தில்.

நேரம் குறிப்பதில் ஒரு சிக்கல் வரும். பேல் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான பழைய டிவிடிகள் நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தை 25 பிரேமாக ஓட்டுகின்றன. 42 நிமிட எபிசோட் அதில் 40 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். ஆகவே நிமிடக் கணக்கை மட்டும் எழுதினால் வேறு பிரதி வைத்திருப்பவருக்கு இடம் தவறும். நேரத்தோடு காட்சியின் முதல் வசனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இது யாருடைய கதை?

இரண்டாம் பார்வையில் கேட்க வேண்டிய பெரிய கேள்வி இதுதான்: கடைசி முடிவை எடுப்பது யார்? அந்த முடிவால் மாறப்போவது யாருடைய வாழ்க்கை?

'தீஸ் ஆர் தி வாயேஜஸ்' எபிசோடை இந்தக் கேள்வியோடு பார்த்தால் ரசிகர்களின் வலி துல்லியமாகப் புரிகிறது. 2161இல் என்டர்பிரைஸ் கப்பல் கடைசிப் பயணம் போகிறது. பல கிரகங்கள் சேரும் கூட்டமைப்புக்கு அடித்தளமாகும் சாசனத்தில் கையெழுத்தாக இருக்கிறது. ஆனால் நாம் பார்ப்பது இதை நேரடியாக அல்ல. இருநூறு ஆண்டு கழித்து, 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் கமாண்டர் ரைக்கர், ஹோலோடெக் என்னும் செயற்கைக் காட்சி அறையில் ஓட்டிப் பார்க்கும் சரித்திரப் பதிவு அது. 1994 ஜனவரியில் ஒளிபரப்பான 'தி பெகாசஸ்' எபிசோடின் நடுவில் இந்தக் கதை செருகப்பட்டிருக்கிறது. பெகாசஸ் கப்பலைப் பற்றிய பழைய ரகசியத்தை கேப்டன் பிகார்டிடம் சொல்வதா வேண்டாமா என்று ரைக்கர் குழம்புகிறார். எபிசோடில் முடிவெடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். என்டர்பிரைஸின் கேப்டன் ஆர்ச்சர், துணை அதிகாரி டி'பால், பொறியாளர் டிரிப் உள்ளிட்ட எல்லோரும் ஏற்கெனவே நடந்து முடிந்ததைத் திரும்ப நடத்திக்காட்டும் உருவங்கள். அவர்கள் எதைச் செய்தாலும் எதுவும் மாறாது. தங்கள் தொடரின் கடைசி நாளில் அவர்கள் விருந்தாளிகளாகிவிட்டார்கள்.

இரண்டு இடங்களை நெருங்கிப் பாருங்கள். ஒன்று, டிரிப்பின் மரணம். ஆர்ச்சரின் பழைய நண்பர் ஷ்ரானின் மகளை மீட்டு வரும்போது கடத்தல்காரர்கள் கப்பலுக்குள் ஏறிவிடுகிறார்கள். ஆர்ச்சரைக் காப்பாற்ற டிரிப் தன்னையும் அவர்களையும் சேர்த்து வெடிக்கவைக்கிறார். நான்கு சீசனில் இதைவிடப் பெரிய ஆபத்துகளை யோசித்துச் சமாளித்த பொறியாளர் அவர். வேறு வழி இல்லை என்று நம்மை நம்பவைக்க எபிசோட் நேரமே ஒதுக்கவில்லை. இரண்டு, கடைசிக் காட்சி. சாசன விழாவில் ஆர்ச்சர் மேடைக்கு வருகிறார், அவை நிறைந்திருக்கிறது, நாம் அவர் பேச்சுக்காகக் காத்திருக்கிறோம். ரைக்கர் ஹோலோடெக்கை நிறுத்திவிடுகிறார். தொடர் முழுக்க எதை நோக்கி நகர்ந்ததோ அந்தப் பேச்சின் ஒரு வாக்கியம்கூட நம் காதில் விழுவதில்லை.

இப்போது முந்தைய எபிசோடான 'டெர்ரா பிரைம்' எடுத்துக்கொள்ளுங்கள். அதே இரவில்தான் ஒளிபரப்பானது. டிரிப், டி'பால் இருவரின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட குழந்தை இறந்துபோக, இருவரும் கைகோத்துத் துக்கத்தைத் தாங்குகிறார்கள். ஆர்ச்சர் பல கிரகப் பிரதிநிதிகள் முன்னால் பேசுகிறார். அந்தப் பேச்சு நமக்குக் கேட்கிறது. அடுத்த மணி நேரத்தில் ஆறு ஆண்டு தாண்டிவிடுகிறோம்; அந்த இருவருக்கும் நடுவில் இருந்த உறவு எப்போதோ முடிந்துபோன பழைய கதையாகிவிட்டது. சற்று முன் நெஞ்சை உருக்கிய ஒன்றை எபிசோட் ஒரே உரையாடலில் துடைத்துவிடுகிறது. முந்தைய எபிசோடையும் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

அளவுகோலைத் தொடரிலிருந்தே எடுங்கள்

'இப்படி எடுத்திருக்கலாம்' என்று உங்கள் மனதில் இருக்கும் கதையை அளவுகோலாக வைத்தால் விமர்சனம் நிற்காது. தொடர் தானே தந்த வாக்குறுதியை எடுத்து எபிசோட் அதைக் காத்ததா என்று பாருங்கள்.

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' இதற்குத் தோதான உதாரணம். கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்டது. வீடு திரும்ப ஏறக்குறைய 75 ஆண்டு ஆகும். தொடரின் அச்சாணி இது. 1996 ஜனவரி 29 அன்று வந்த 'த்ரெஷோல்ட்' எபிசோடில் கப்பலை ஓட்டும் டாம் பாரிஸ் வார்ப் 10 என்ற எல்லையற்ற வேகத்தை எட்டுகிறார். ஒரே நேரத்தில் பிரபஞ்சத்தின் எல்லாப் புள்ளிகளிலும் இருக்கிறார். பிறகு உடல் உருமாறத் தொடங்குகிறது. கேப்டன் ஜேன்வேயையும் தூக்கிக்கொண்டு போகிறார். இருவரும் பல்லி போன்ற உயிரினங்களாகி ஒரு சதுப்பில் குட்டிகளோடு கிடக்கிறார்கள். எல்லோரும் சிரிப்பது இந்தப் பல்லிக்குத்தான்.

ஆனால் எபிசோட் உடையும் இடம் பல்லி அல்ல. வீட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் கதை, அந்த வழியை ஏன் பயன்படுத்த முடியாது என்று ஒரு பூட்டும் போட வேண்டும். இங்கே உருமாற்றம்தான் பூட்டு. அதே எபிசோடின் முடிவில் கப்பலின் டாக்டர் இருவரையும் பழையபடி மனிதர்களாக்கிவிடுகிறார். சிகிச்சை கையில் இருக்கிறது என்றால் எல்லோரும் வார்ப் 10இல் வீடு போய்ச் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமே? பூட்டையும் சாவியையும் ஒரே கதை கொடுத்துவிட்டது. 'பல்லியானது அபத்தம்' என்பது ரசனை சார்ந்த கருத்து, யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். 'சிகிச்சை இருப்பதால் தொடரின் அச்சாணி முறிகிறது' என்பதை மறுக்க எதிராளி எபிசோடுக்குள் ஆதாரம் தேட வேண்டும். உங்கள் விமர்சனம் இந்த இரண்டாவது வகையில் இருக்கட்டும்.

இதே எபிசோட் ஒப்பனைக்காக எம்மி விருது வாங்கியது. பாரிஸ் நோயாளியாகக் கிடந்து சிதையும் காட்சிகளில் ராபர்ட் டங்கன் மெக்நீல் உண்மையிலேயே பயமுறுத்துகிறார். விமர்சனத்தில் இதையும் எழுதுங்கள். நல்லதைச் சரியாகச் சொல்பவரைக் கெட்டதைச் சொல்லும்போதும் நம்புவார்கள்.

தயாரிப்பில் என்ன நடந்தது?

காரணம் தேடும்போது முதலில் டைட்டிலைப் படியுங்கள். அமெரிக்கத் தொடர்களில் 'ஸ்டோரி பை' என்றால் கதை, 'டெலிப்ளே பை' என்றால் திரைக்கதை, 'ரிட்டன் பை' என்றால் இரண்டும். இரண்டு பெயர்களுக்கு நடுவே & குறி இருந்தால் அவர்கள் ஜோடியாக எழுதியவர்கள். 'அண்ட்' என்ற சொல் இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள்; பெரும்பாலும் ஒருவர் எழுதியதை அடுத்தவர் திருத்தியிருப்பார். ஒரே எபிசோடில் முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு ஆட்கள் போலப் பேசினால் இந்தச் சின்ன வேறுபாடு உதவும். ஆனால் புனைபெயர்களிலும் கவனம் வேண்டும். 1968 செப்டம்பர் 20 அன்று வந்து இன்றுவரை கேலிக்கு ஆளாகும், பழைய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 'ஸ்பாக்ஸ் பிரைன்' எபிசோடில் லீ க்ரோனின் என்று பெயர் வரும். அவர் ஜீன் எல். கூன், அதே தொடரின் மிகச் சிறந்த கதைகள் சிலவற்றை எழுதியவர்.

'என்டர்பிரைஸ்' நான்காம் சீசனை வழிநடத்தியவர் மேனி கோட்டோ. நிறைவு எபிசோடை எழுதியவர்கள் தொடரை உருவாக்கிய ரிக் பெர்மனும் பிரானன் பிராகாவும். தொடர் ரத்து என்று யூபிஎன் அறிவித்தது 2005 பிப்ரவரி 2இல். 1987இலிருந்து 18 ஆண்டு இடைவிடாமல் ஓடிய ஸ்டார் ட்ரெக் தொடர்வரிசையும் இதோடு முடிகிறது. ஆகவே ஒரே எபிசோடிடம் இரண்டு வேலை கொடுக்கப்பட்டது: 98 எபிசோட் ஓடிய ஒரு தொடருக்கு விடை கொடுப்பது, 18 ஆண்டு மரபுக்கே விடை கொடுப்பது. இரண்டாவது வேலை முதலாவதை விழுங்கிவிட்டது. ரைக்கரும் அவரோடு அதே தொடரிலிருந்து டிராயும் ஏன் வந்தார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. டி'பாலாக நடித்த ஜோலீன் பிளேலாக் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார்; பிராகாவும் பின்னாளில் வருந்தினார்.

பணமும் நேரமும் காரணமாகும் எபிசோடுகளைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். 1988இல் அமெரிக்க எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீடித்தது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் சீசனில் 26 எபிசோட் இருக்க, இரண்டாவதில் 22தான். அதற்குள் சில எபிசோடுகளில் பட்ஜெட் மீறிவிட்டது. கடைசியில் மிச்சம் பிடிக்க மூன்று நாளில் எடுத்து முடித்ததுதான் 1989 ஜூலை 17இல் வந்த 'ஷேட்ஸ் ஆஃப் கிரே'. ரைக்கர் நோய்த்தொற்றோடு படுக்கையில் கிடக்கிறார், டாக்டர் புலாஸ்கி அவர் நினைவுகளைத் தூண்டுகிறார், பழைய எபிசோடுகளின் காட்சிகள் வருகின்றன.

இப்படிப்பட்ட துண்டுக்காட்சி எபிசோடை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும். புதிதாக எடுத்த காட்சி ஓடும்போது மட்டும் ஓடவிட்டு, பழையது வரும்போது நிறுத்துங்கள். பிறகு ஒரே கேள்வி: பழைய காட்சி இங்கே வந்ததால் புதிதாக ஏதாவது அர்த்தம் கிடைத்ததா? 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' காட்சிகளைக் காதல், துயரம், பயம் என்று உணர்ச்சிவாரியாக அடுக்குகிறது. கிருமி எந்த உணர்ச்சிக்குச் சாகும் என்று பார்க்கிறது. யோசனை மோசமில்லை. ஆனால் ரைக்கரைப் பற்றி நமக்குத் தெரியாத எதையும் அது சொல்லவில்லை. இன்னொரு இழப்பும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. புலாஸ்கியாக நடித்த டயானா மல்டாருக்கு இது கடைசி எபிசோட். ஒரு சீசன் முழுக்கக் கூட வந்த பாத்திரத்துக்கு விடைகொடுக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை.

தயாரிப்புக் காரணம் கிடைத்ததும் 'அதனால்தான் மோசம்' என்று முடித்துவிடத் தோன்றும். அங்கே நிறுத்தாதீர்கள். பிரிட்டிஷ் தொடரான 'டாக்டர் ஹூ' 2005இல் திரும்ப வந்தபின் 13 எபிசோடோடு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடும் சேர்ந்தது. நாட்கள் போதாமல், ஒரு எபிசோடை நாயகனான டாக்டர் அதிகம் தோன்றாதபடி எழுதி இன்னொன்றோடு ஒரே சமயத்தில் எடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 2006 ஜூன் 17இல் வந்து ரசிகர்களை இரண்டாகப் பிளந்த 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'. அடுத்த ஆண்டு, அதே நெருக்கடியில், அதே முறையில் பிறந்தது 'பிளிங்க்'. அது அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கி, தொடரின் தலைசிறந்த எபிசோடுகளில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. ஆகவே நெருக்கடியைச் சொன்ன பிறகு, அந்த நெருக்கடிக்குள் எழுத்தாளர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 'பிளிங்க்' டாக்டர் இல்லாததையே கதையின் புதிராக்கியது. அதுதான் வித்தியாசம்.

பார்த்த வரிசையையும் சரிபாருங்கள். 'ஃபயர்ஃபிளை' தொடருக்காக எழுதிய முதல் கதை, பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர 'செரனிட்டி'. ஃபாக்ஸ் சேனல் 2002 செப்டம்பர் 20இல் வேறொரு எபிசோடோடு தொடங்கிவிட்டு, இதை டிசம்பர் 20இல்தான் போட்டது. எடுத்தது 14, அப்போது ஒளிபரப்பானது 11. யார் யார் என்றே புரியாமல் தவித்த பார்வையாளரின் ஏமாற்றத்துக்கு எழுத்து பொறுப்பல்ல. பழைய தொடர் எதுவானாலும் எடுத்த வரிசையைக் காட்டும் தயாரிப்பு எண்ணையும் ஒளிபரப்புத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; தடம் மாறியிருந்தால் உடனே தெரியும்.

எழுதும்போது

600 முதல் 800 சொல் போதும். முதல் பத்தியில் தொடர் தந்த வாக்குறுதி. இரண்டாவதில் அது உடைந்த காட்சி, கேட்டது பார்த்தது மாறாமல். திருப்பங்களைத் தலைப்பில் வைக்காதீர்கள். எந்தப் பத்தியில் வந்தாலும் முன்பே எச்சரித்துவிட்டுச் சொல்லுங்கள். தயாரிப்புக் காரணம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் மன்னிப்புக் கடிதம் போல ஆகிவிடும்.

வாக்கியங்கள் எப்படி மாற வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 'டிரிப்பை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள்' என்று எழுதினால் அது புலம்பல். 'டிரிப் வேறு வழியைத் தேடுவதாக ஒரு காட்சிகூட இல்லாததால், அவர் தியாகம் செய்வதாகத் தெரியவில்லை. கதைக்கு ஒரு மரணம் தேவைப்பட்டது என்றே தெரிகிறது' என்று எழுதினால் விமர்சனம். இரண்டிலும் கோபம் ஒன்றுதான்.

சறுக்கும் இடங்கள் சில. நடிகரையோ எழுத்தாளரையோ தனிமனிதராகத் தாக்குவது முதலாவது. நடிகர் தன் கையில் கொடுத்ததை நடிக்கிறார். 'காசுக்காக எடுத்தார்கள்', 'ரசிகர்களை வெறுக்கிறார்கள்' என்று நோக்கம் கற்பிப்பதும் அதே ரகம், ஆதாரம் காட்ட முடியாது. சின்னத் தவறுகளைப் பட்டியலிடுவது இன்னொன்று. ஆறு ஆண்டு கழித்தும் என்டர்பிரைஸ் குழுவின் ஹோஷியும் மேவெதரும் என்சைன் என்ற அதே இளநிலை அதிகாரிப் பதவியில் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அது அறிகுறி மட்டுமே. 2161ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்வதற்காக மட்டும் ஆறு ஆண்டைத் தாண்டினார்கள், அந்த ஆறு ஆண்டில் இந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை என்பதோடு சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு எடை.

படைப்பாளிகளின் கருத்துரை கிடைத்தால் எழுதி முடித்த பிறகு கேளுங்கள். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் ரொனால்ட் டி. மூர், 2006 ஜனவரியில் வந்த 'பிளாக் மார்க்கெட்' எபிசோட் ஏன் சரியாக அமையவில்லை என்று தன் பாட்காஸ்டில் மனம்விட்டுப் பேசினார். முன்பே கேட்டுவிட்டால் அவர் சொன்னதையே நீங்களும் எழுதுவீர்கள்.

புதிதாகப் பார்க்கப் போகிறவருக்குச் சொல்ல

விமர்சனத்தின் கடைசியில், இந்த எபிசோடை என்ன செய்யலாம் என்று புதியவருக்கு ஒரு வரி எழுதுங்கள். 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்றால் தயங்காமல் தாண்டலாம். முந்தைய வாரத்தின் 'பீக் பெர்ஃபார்மன்ஸ்' எபிசோடோடு இரண்டாம் சீசனை முடித்துவிட்டு நேராக மூன்றாவதற்குப் போகலாம். 'த்ரெஷோல்ட்' முதல் பாதிக்காகப் பார்க்கத் தக்கது. 'ஃபயர்ஃபிளை'யை 'செரனிட்டி'யில் தொடங்க வேண்டும். 'என்டர்பிரைஸ்' பார்ப்பவர் 'டெர்ரா பிரைம்' முடிந்ததும் நிறுத்திவிடட்டும். தொடர் அங்கே கம்பீரமாகவே முடிகிறது. 'தீஸ் ஆர் தி வாயேஜஸ்' எபிசோடைச் சில மாதம் கழித்து, 'தி பெகாசஸ்' பார்த்த கையோடு, ரைக்கரின் கதையாக எடுத்துப் பார்க்கலாம்.